சஹ்லாவின் சிக்னல் லைட்

"பொய் செல்லாத சஹ்லா. லைட்டு எரியல்லெண்டா அந்த டிப்பர்காரன் என்னத்துக்கு இடது பக்கத்தால வாறான்? அவனுக்குப் பைத்தியமா?"

"எரியல்ல உம்மா."

"மீட்டரு ஒன்ட மூஞ்சிக்கு முன்னுக்குத்தானே இரிக்கி. நீதானே பாத்துச் செல்லுற. வாப்பா எப்பிடிப் பாக்கிற? ஒன்ட தலையக் கழட்டி வெச்சிட்டுப் பாக்கிறதா?"

"நான் பாத்தன். எரியல்ல."

"அப்ப வாப்பா பொய்யா செல்லுறாரு? ரோட்டுல நிண்ட சனமெல்லாம் பொய்யா செல்லுது?"

"ஓம். எல்லாரும் பொய்."

வளவில் குழாயடியில் மோட்டார் சைக்கிளைச் சாய்த்து வைத்து, செயினுக்குள் போன நெல்லையும் மணலையும் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தான் ஸஹீத். குசினி யன்னல் திறந்துதான் கிடந்தது. றுமானாவின் குரலும் மகளின் இழுத்து இழுத்து வரும் குரலும் ஒரு சொல் தவறாமல் காதில் விழுந்தன. உள்ளே போய் ஒரு வார்த்தை சொன்னால் அந்தச் சண்டை முடியும். அந்த வார்த்தை அவனிடம்தான் இருந்தது. ஆனால் போகவில்லை. முழங்கையில் தோல் உரிந்த இடம் எரிந்தது. விடியச் சுபஹுத் தொழுகைக்கே எழும்பி, மில்லில் நெல் அவிக்கிற கொதிகலனுக்கு முன்னால் நின்றுவிட்டு, அரை நாள் லீவு போட்டு மகளைக் கல்முனைக்குக் கொண்டுபோய், ரோட்டில் விழுந்து எழும்பி வந்திருக்கிறான். இனி ஒரு சண்டைக்கும் உடம்பில் இடமில்லை என்று நினைத்துக்கொண்டான். குச்சியால் கிளறிக்கொண்டே இருந்தான்.

அட்டாளைச்சேனையில் ஸஹீதின் பைக்கைத் தெரியாதவர்கள் குறைவு. பழைய நூற்றிருபத்தைந்து சிசி. டேங்க்குக்கு மேலே பஞ்சு வைத்து ரெக்சின் போட்ட ஒரு சின்ன சீட். இரண்டு பக்கமும் கால் வைக்க இரும்புத் தட்டு. சீட்டிலிருந்து ஒரு அகலமான பட்டி வந்து ஸஹீதின் இடுப்பைச் சுற்றிப் பூட்டிக்கொள்ளும். எல்லாம் சஹ்லாவுக்காகச் செய்தது. அவளுக்குப் பிறந்ததிலிருந்தே கை காலில் இறுக்கம். வலது கை மடிந்து நெஞ்சோடு ஒட்டியே கிடக்கும். பின்னால் இருத்தினால் பிடித்துக்கொள்ள ஏலாது. ஓட்டோவில் கொண்டு போனால் வளைவுக்கு வளைவு சரிந்து விழுவாள், பெற்றோல் மணத்துக்குச் சத்தியும் எடுப்பாள். பஸ் என்றால் படி ஏற்றுவதே பெரும்பாடு. முன்னால், வாப்பாவின் இரண்டு கைக்கும் நடுவில் உட்கார்ந்தால் மட்டும் ஆடாமல் அசையாமல் போய்ச் சேருவாள். செவ்வாய்க்கிழமை தோறும் கல்முனை ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கை கால் பயிற்சி. போகும் வழி அவளுக்குப் பெருநாள் மாதிரி.

ஆனால் பிள்ளை வளரும்தானே. போன வருடமே அவள் தலை ஸஹீதின் தாடைக்கு வந்துவிட்டது. ஹெல்மட்டும் போட்டால் முன்னால் மீட்டர் இருக்கிற இடமே தெரியாது. ரோடு தெரியும். மீட்டர் தெரியாது. எத்தனையில் போகிறோம், சிக்னல் எரிகிறதா, ஒன்றும் தெரியாது. அப்போதுதான் அந்த வேலை சஹ்லாவுக்கு வந்தது. யாரும் கொடுக்கவில்லை, அவளே எடுத்துக்கொண்டாள்.

"வாப்பா, அம்பது."

"சரி மகள்."

"வாப்பா, சிக்னல்."

ஸஹீத் பெருவிரலால் சுவிட்சைத் தட்டி அணைப்பான். பள்ளிக்கூடத்தில் அவளை எந்த வேலைக்கும் கூப்பிடுவதில்லை. வீட்டிலும் கிளாஸ் எடுத்தால் விழுந்துவிடும் என்று றுமானா எடுக்க விடமாட்டாள். இந்த ஒரு வேலை மட்டும் அவளில்லாமல் நடக்காது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். கிளினிக்கில் பயிற்சி கொடுக்கும் மிஸ்மாரிடம், "நான்தான் பைக் ஓட்டுற. வாப்பா ஹேண்டிலப் புடிக்கிற மட்டும்தான்" என்று சொல்லிச் சிரிப்பாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அது விளங்காவிட்டால் அன்றைக்கு நடந்தது விளங்காது. சஹ்லாவுக்குக் கையை உயர்த்தி ஆட்ட வராது. இடது கை விரல்களை விரித்து விரித்து மூடுவாள், அதுதான் அவள் கை காட்டும் விதம். ஒலுவில் சந்தியில் தயிர்ச்சட்டி வைத்துக்கொண்டிருக்கும் ராத்தா, நிந்தவூரில் பெற்றோல் செட்டில் நிற்கிறவர்கள், காரைதீவுச் சந்தியில் பொலிஸ்காரர், எல்லாருக்கும் அவள் அப்படித்தான் கை காட்டுவாள். அவர்களும் அவளைப் பார்த்து அதேபோல விரலை விரித்து மூடிக் காட்டிப் பழகிவிட்டார்கள்.

ஆனால் நம்முடைய ரோட்டில் அதற்கு வேறொரு அர்த்தமும் உண்டு. பகலில் ஹெட்லைட் எரிய, அல்லது திரும்பிய பிறகும் சிக்னல் அணைக்காமல் ஒருவன் போனால், எதிரே வருகிறவன் கையை விரித்து மூடிக் காட்டுவான். "லைட்டு எரியுது, பார்" என்று அர்த்தம்.

அன்றைக்குக் கிளினிக் முடிந்து திரும்பி வரும்போது சஹ்லாவுக்குக் கண் சொருகியது. இறுக்கம் குறைய டொக்டர் புதிதாக எழுதிய குளிசை. குடித்தால் தூக்கம் வரும் என்று முன்னமே சொல்லித்தான் கொடுத்தார்கள். நிந்தவூர் தாண்டும்போது அவள் தலை பின்னால் சாய்ந்து ஸஹீதின் நெஞ்சில் பாரமாக விழுந்தது. அந்தப் பாரம் அவனுக்குத் தெரிந்தது. 'தூங்கட்டும், பாவம்' என்று நினைத்தான். நினைத்துவிட்டு அப்படியே ஓட்டினான்.

போக அறுவடைக் காலம். ரோட்டின் இடது ஓரத்தில் நெல் காயப் போட்டிருந்தார்கள். ஸஹீத் வலது சிக்னல் போட்டு, நெல்லை விலக்கி ரோட்டின் நடுவுக்கு வந்தான். சிக்னலை அணைக்க மறந்தான். சொல்ல ஆளில்லை. எதிரே வந்த ஒருவன் கையை விரித்து மூடினான். ஸஹீத் சிரித்துத் தலையாட்டினான். அவனுக்குப் பின்னால் வந்த ஒரு லொறிக்காரனும் கையை விரித்து மூடினான். "தூங்கிறாள், தூங்கிறாள்" என்று ஸஹீத் மகளின் தலையைக் கண்ணால் காட்டினான். வயல்காரர் ஒருவர் ரோட்டோரத்தில் நின்று இரண்டு கையாலும் விரித்து மூடினார். மகளுக்கு எத்தனை சிநேகிதம் என்று அவனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

நெல் முடிந்த இடத்தில் அவன் இடதுக்கு இறங்கினான். பின்னால் வந்த டிப்பர்காரன் இவன் வலதுக்குத் திரும்பப் போகிறான் என்று நினைத்து, அதே இடது பக்கத்தால் முந்த வந்துவிட்டான். ஹோர்ன் அடித்தான் ஒரு அடி. சஹ்லாவின் உடம்பு திடீர்ச் சத்தத்துக்கு விறைக்கும். விறைத்த கால் ஹேண்டிலில் பட்டது. சிதறிக் கிடந்த நெல்லில் சில்லு சறுக்கி, இரண்டு பேரும் பட்டியோடு பட்டியாக ரோட்டில் சரிந்தார்கள். டிப்பர் பிரேக் பிடித்து நின்றது, அல்லாஹ் காப்பாற்றினான். ஓடி வந்தவர்கள் பைக்கைத் தூக்கியபோதும் அந்த வலது சிக்னல் எரிந்து எரிந்து அணைந்துகொண்டுதான் இருந்தது.

வீட்டுக்கு வந்து றுமானாவிடம், "சிக்னல் எரிஞ்சிருக்கு, கவனிக்கல்ல" என்று மட்டும் சொன்னான். சஹ்லா தூங்கியதைச் சொல்லவில்லை. தான் தெரிந்தே தூங்க விட்டதையும் சொல்லவில்லை. சஹ்லாவும் தூங்கியதைச் சொல்லவில்லை, சொன்னால் வேலை போய்விடும். அதனால்தான் எரியவில்லை, எல்லாரும் பொய் என்று பிடிவாதம் பிடித்தாள். உதடு வீங்கிய முகத்தோடு ஏச்சை வாங்கிக்கொண்டிருந்தாள்.

குசினிக் கதவு திறந்தது. றுமானா வளவுக்கு வந்தாள்.

"இஞ்சாருங்க. அந்த மீட்டர ஒங்களுக்குத் தெரியிற எடத்துல வெச்சிட்டு வாங்க. இல்லாட்டி இனி இந்தப் பைக்குல என்ட புள்ளய ஏத்த விடமாட்டன்."

"சரி."

"சரியெண்டு செல்லிட்டு அடுத்த மாசத்துக்குத் தள்ளுறல்ல."

"சரியெண்டு செல்லுறன்தானே, றுமானா."

"ஒரு புள்ளய நம்பி ஓட்டுற அளவுக்கு வந்திட்டீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு முர்ஷிதின் கராஜுக்குப் போனான். முர்ஷித் அவனுடைய மச்சான் முறை, அந்தச் சீட்டைச் செய்தவனும் அவன்தான். இப்போது பொடியன்மாரின் பைக்குகளை வெட்டி ஒட்டி வேறு உருவத்தில் ஆக்கிக் கொடுப்பதுதான் அவனுக்குப் பெரிய வேலை. ஸஹீத் விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"மச்சான், இதத்தான் இப்ப பொடியன்மார் எல்லாம் கேக்கிறானுகள். மீட்டர் ஹேண்டில்ல இருந்தா கிழவன்ட பைக்காம். கழட்டி டேங்க்குக்குப் பக்கத்துல கீழ வெச்சா ஸ்டைலாம்."

"என்ட பைக்கு கிழவன்ட பைக்தான்டா."

"இத மாத்திட்டு ரோட்டுல போய்ப் பாரு. ரெண்டாங் கலியாணம் பேச ஆள் வரும்."

"அத றுமானாக்கிட்டச் செல்லு. மீட்டர் வெக்கிற எடத்துல ஒன்னையும் சேத்து முறுக்கி வெப்பாள்."

முர்ஷித் சிரித்துக்கொண்டே ஸ்பேனரை எடுத்தான். "ஒரு பஸர் போட்டா என்ன? சிக்னல் எரியும்வரைக்கும் கீக் கீக்கெண்டு கத்தும். வேலை சுருக்கு."

"வேணா. சத்தத்துக்குப் புள்ள ஒதறும்."

"அட ஓம், மறந்திட்டன்."

வலது பக்கம் சரிவராது, சஹ்லாவின் கால் விறைத்தால் அந்தப் பக்கமாகத்தான் நீளும். இடது பக்கத்தில், டேங்க்குக்குக் கீழே, ஸஹீதின் முழங்காலுக்கு முன்னால் இடம் பார்த்தார்கள். என்ஜின் பூட்டிய போல்ட்டோடு சேர்த்து ஒரு இரும்புப் பட்டையை வளைத்து மாட்டி அதில் மீட்டரை உட்கார வைத்தான் முர்ஷித். பக்கத்தில் ஒரு சின்னத் தகடு. அதில் மூன்று ஓட்டை போட்டு நியூட்ரல் பச்சை, ஹைபீம் நீலம், சிக்னல் செம்மஞ்சள் என்று மூன்று லைட்டையும் இறக்கினான். வயர்கள் எட்டவில்லை. நீளம் கொடுத்து, ஈயம் வைத்து ஒட்டி, ரப்பர் குழாய் ஏற்றினான். கேபிள்தான் படுத்தியது. முன் சில்லிலிருந்து வருகிற கேபிள். ஹேண்டிலை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினால் இழுபட்டது. சுருக்கி வளைத்தால் முள் தவளை மாதிரிப் பாய்ந்தது. கடைசியில் அகலமாக ஒரு வளைவு கொடுத்துக் கட்டியபிறகுதான் முள் ஒழுங்காக ஏறி இறங்கியது.

ஹெட்லைட்டுக்கு மேலே மீட்டர் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள் மிஞ்சின. முர்ஷித் இரண்டையும் கறுப்பு ரப்பர் மூடியால் அடைத்தான்.

"இப்ப பாரு மச்சான். குனிஞ்சா தெரியும், நிமிந்தா தெரியா. ஒன்ட புள்ளட தலைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

ஸஹீதுக்கு அந்தக் கடைசிச் சொல் ஏனோ பிடிக்கவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

சஹ்லா வாசலில் கதிரையில் இருந்து பார்த்தாள். முன்னால் மீட்டரைத் தேடினாள். பிறகு கீழே கண்டாள். அழவில்லை, கத்தவில்லை. ஸஹீத் பைக்கைக் கிட்டக் கொண்டுவர, இடது கை விரலால் அந்த ரப்பர் மூடியைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப இனி நான் சும்மா இரிக்கிறதா?"

"சும்மா இரிக்கிறதுதானே சுகம் மகள்."

"ஒங்களுக்கு ஆக்கும்" என்றாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை புறப்பட்டார்கள். சஹ்லா மூட்டை மாதிரி இருந்தாள். ஐம்பது, சிக்னல் என்று ஒரு சத்தமும் இல்லை. ஒலுவில் சந்தியில் தயிர்க்கார ராத்தா கையை விரித்து மூடினா. ஸஹீதின் கண் உடனே கீழே போனது. லைட் எரியவில்லை. அவ பிள்ளைக்குத்தான் கை காட்டியிருக்கிறா. பெற்றோல் செட்டில் ஒருவன் விரித்து மூடினான். மறுபடியும் குனிந்தான், எரியவில்லை. காரைதீவில் பொலிஸ்காரர். மறுபடியும். ஒவ்வொரு சலாமுக்கும் அவன் நெஞ்சு ஒருமுறை அடித்து, கழுத்து ஒருமுறை குனிந்து, ரோடு ஒருமுறை கண்ணைவிட்டுப் போய் வந்தது. சஹ்லா யாருக்கும் விரலை விரிக்கவில்லை. கல்முனைக்கு வந்து சேரும்போது, மில்லில் ஒரு நாள் முழுக்க மூட்டை சுமந்தவன் மாதிரி அவனுக்குத் தோள் விட்டுப் போயிருந்தது.

கிளினிக்கில் மிஸ் கேட்டா, "என்ன டிரைவர் இண்டைக்குச் சிரிப்பே இல்ல?"

"நான் டிரைவர் இல்ல மிஸ். சாமான்" என்றாள் சஹ்லா.

திரும்பி வரும்போது களியோடைப் பாலத்தடியில் ஸஹீத் பைக்கை ஓரமாக்கி நிறுத்தினான்.

"என்ன வாப்பா, பெற்றோல் முடிஞ்சா?"

"இல்ல. இடுப்பு நோகுது. கொஞ்சம் நிப்பம்."

காற்று வந்தது. அறுவடை முடிந்த வயலில் மாடுகள் மேய்ந்தன. பட்டியைக் கழற்றாமலே, அவளுடைய ஹெல்மட்டின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"சஹ்லா, அண்டைக்கு நீ தூங்கின எண்டு எனக்குத் தெரியும்."

அவள் உடம்பு விறைத்தது. "நான் தூங்கல்ல."

"தூங்கின. ஒன்ட தலை என்ட நெஞ்சுல கெடந்த. தூங்கட்டும் எண்டு நான்தான் விட்டன். ஒன்ன எழுப்பியிரிக்கணும், இல்லாட்டி எங்கயாவது நிப்பாட்டியிரிக்கணும். ரெண்டும் செய்யல்ல. பிழை ஒனக்கில்ல, எனக்கு."

விறைப்பு மெல்ல மெல்ல இறங்குவது அவன் கைக்குத் தெரிந்தது.

"அப்ப உம்மா ஏசக்குள்ள ஏன் வந்து செல்லல்ல?"

"பயம்."

"உம்மாக்கா?"

"ஓம்."

ஹெல்மட்டுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. "எனக்கும்."

கொஞ்சம் கழித்துக் கேட்டாள். "அப்ப மீட்டரத் திருப்பி முன்னுக்கு வெப்பமா?"

"வெக்கேலா மகள். ஒனக்குத் தூக்கம் வந்தா நான் பாக்கணும்."

"தூக்கம் வராத நேரம்?"

பைக்கை உதைத்து ஸ்டார்ட் செய்தான்.

வீட்டுக்கு வந்ததும், றுமானா மீன் வெட்டிக்கொண்டிருந்த இடத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்ப ஒரு கிழமையா என்ன ஏச விட்டுட்டு, நீங்க வளவுக்குள்ள நெல்லுப் பொறுக்கினீங்க?"

"களைப்பு றுமானா."

"எனக்குக் களைப்பு இல்ல? நான் கல்லா? களைச்ச மனிசன் வாயத் தொறந்து ஒரு சொல்லுச் செல்லேலாதா? வீங்கின சொண்டோட இருந்த புள்ளய நான் பொய்க்காரி எண்டு செல்லிட்டன்."

கையைக் கழுவிவிட்டு உள்ளே போனாள். உள்ளே என்ன கதைத்தார்கள் என்று ஸஹீதுக்குக் கேட்கவில்லை. வெளியே வந்தபோது றுமானாவின் கண் சிவந்திருந்தது. குரல் மட்டும் பழைய குரல்.

"அந்த ரப்பர் மூடி போட்ட ஓட்டைக்கு ஒரு லைட்டப் போட்டுக் குடுங்க அவளுக்கு. ஒங்கட லைட்டு ஒங்களுக்கு. அவள்ட லைட்டு அவளுக்கு."

முர்ஷித் ஒரு மூடியைப் பிடுங்கிவிட்டு, சிக்னல் வயரில் ஒரு கிளை எடுத்து, சின்ன எல்ஈடி ஒன்றைப் பொருத்திக் கொடுத்தான். செம்மஞ்சள். கீழே எரியும்போது மேலேயும் எரியும். மற்ற ஓட்டையில் ரப்பர் மூடி அப்படியே கிடக்கிறது.

இப்போது சஹ்லா மறுபடியும் கை காட்டுகிறாள். குளிசை குடித்த நாளில் கண் சொருகினால், "வாப்பா, நான் தூங்கப் போறன், நீங்க பாருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் சாய்கிறாள். முழித்திருக்கும் நேரத்தில், வளைவு திரும்பியதும், "வாப்பா, சிக்னல்" என்கிறாள். ஸஹீத் தட்டி அணைக்கிறான்.

ஒரு நாள் சாப்பாட்டில் சஹ்லா பெருமையாகச் சொன்னாள். "நான் செல்லினாத்தான் வாப்பா லைட்ட நிப்பாட்டுற."

றுமானா புருஷனைப் பார்த்தாள். பிள்ளை படுத்த பிறகு கேட்டாள்.

"ஒங்கட லைட்டு ஒங்களுக்குத் தெரியுதுதானே?"

"தெரியுது."

"திரும்பின ஒடன நிப்பாட்டேலும்தானே?"

"ஏலும்."

"அப்ப என்னத்துக்கு அவள் செல்லும்வரைக்கும் பாத்துக்கிட்டு இரிக்கிறீங்க? அந்த நேரத்துக்குள்ள இன்னொரு டிப்பர் வந்தா?"

ஸஹீத் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினான். "பின்னால கண்ணாடியப் பாத்துட்டுத்தான் காத்திரிக்கிறன். ஆருமில்லாட்டித்தான். ஒரு மூச்சு எடுக்கிற நேரம், றுமானா."

"நான் முந்தி நிப்பாட்டினா அவள் பாத்துக்கிட்டு இரிப்பாள், செல்லுறத்துக்கு ஒண்டும் இரிக்காது" என்றான் பிறகு.

றுமானா பாயை உதறி விரித்தாள்.

அந்தப் பேச்சு அவர்களுக்குள் இன்னும் முடியவில்லை. எனக்கும் முடிவு தெரியவில்லை. றுமானா சொல்வது சரி என்று ஒரு நேரம் படுகிறது. அந்த ஒரு மூச்சு நேரத்தை மகளிடமிருந்து எப்படிப் பறிப்பது என்று இன்னொரு நேரம் படுகிறது. வாசித்த நீங்கள் சொல்லுங்கள். ஸஹீத் காத்திருப்பது சரியா, பிழையா? உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், நீங்கள் அதற்கு எந்த வேலையைக் கொடுத்தீர்கள், எப்படிக் கொடுத்தீர்கள்? லைக் போட்டுவிட்டுப் போகாதீர்கள். இரண்டு வரியாவது கீழே பதில் எழுதுங்கள்.